உமக்குத் தெரியாமல் பற்றவைத்தவை

போன வாரம் பல் செட்டுக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். கீழ்வரிசையில் நான்கு பற்கள் போய்விட்டன. மோர் சாதம் தவிர வேறெதையும் நிம்மதியாக மெல்ல முடிவதில்லை. டாக்டர் உள்ளே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் ஒரு பெண் சின்னக் கிண்ணத்தில் ரோஸ் நிறப் பொடியைப் போட்டு, அதன்மேல் ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. அந்த வாடை நேராக வந்து என் மூக்கில் ஏறிற்று.

அது உம்முடைய வீட்டு முன்னறையின் வாடை. கரமனையில் உம் தெருவில் மற்ற வீடுகளைக் கடக்கும்போது சாம்பார் மணக்கும், சாம்பிராணி மணக்கும். உம் வீட்டு வாசலில் மட்டும் இதுதான். நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது. தலை சுற்றுகிறதா என்று நர்ஸ் மலையாளத்தில் கேட்டாள். இல்லையம்மா என்றேன்.

உமக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. என் கடை இருக்கும் சாலை பஜாருக்கும் கரமனைக்கும் இடையே பஸ் ஏறினால் பத்து நிமிஷம். எழுத என்ன அவசியம் இருந்தது? இப்போது நீர் இல்லை. அதனால் எழுதுகிறேன். நேரில் முழுவதையும் வரிசையாகச் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் என் கடைக்கு நீர் வந்து, ஸ்கூட்டர் ஸ்பீடாமீட்டருக்குள் ஓடும் கேபிள் வேண்டும் என்று கேட்டீர். ஸ்கூட்டர், ஆட்டோ உதிரிபாகம் விற்கிற கடை என்னுடையது. என்ன வண்டி என்று கேட்டேன்.

"வண்டியில்லை ஓய். போட்டு."

"போட்டுக்கு எதுக்குவே ஸ்பீடாமீட்டர்?"

நீர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மேசைமேல் விரித்து, பென்சிலால் வரைந்து காட்டினீர். இரண்டரை அடி நீளத்துக்கு ஒட்டுப்பலகையில் செய்த ரேஸ் படகு. நடுவில் கைக்குள் அடங்கும் இன்ஜின். அந்த இன்ஜினின் சுழற்சியைப் படகின் வால்பக்கம் தண்ணீருக்குள் இருக்கும் புரொப்பல்லருக்குக் கொண்டுபோக வேண்டும். நேரான இரும்புக் கம்பி வைத்தால் இன்ஜினையே சாய்த்துப் பொருத்தவேண்டி வரும். புரொப்பல்லரும் தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளும். வளைகிற கம்பிக்கயிறு என்றால் இன்ஜின் கிடையாக இருக்கலாம், கயிறு ஒரு பித்தளைக் குழாய்க்குள் மெல்ல வளைந்து இறங்கலாம், புரொப்பல்லர் தண்ணீரை நேராகப் பின்னுக்குத் தள்ளலாம். இவ்வளவையும் நின்றபடியே சொல்லிவிட்டு, "பாம்பு மாதிரி வளையணும், ஆனா முறுக்கினா இரும்பு மாதிரி நிக்கணும். அப்படி ஒண்ணு உம்ம கடையிலே இருக்கா?" என்று கேட்டீர்.

இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வெள்ளாயணிக் காயல் கரையில் உம் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் ஸ்பீடாமீட்டர் கேபிள் நாற்பது விநாடி தாங்கிற்று. பிறகு அறுந்து, படகு நடுக்காயலில் பொம்மை மாதிரி மிதந்தது. வள்ளக்காரர் ஒருவரைக் கெஞ்சி எடுத்துவந்தோம். நீர் அறுந்த முனையை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உம்ம கேபிள் மேலே தப்பில்லை. நான் வச்ச வளைவு ஜாஸ்தி" என்றீர். தப்பு யாருடையது என்று பார்த்து, அது தன்னுடையதாக இருந்தால் உடனே சொல்லிவிடுகிற ஒரு மனிதரை அதுவரை நான் வியாபாரத்தில் பார்த்ததில்லை. அன்றைக்கே எனக்கு நீர் வேண்டியவராகிவிட்டீர்.

உமக்குப் பல் கட்டுகிற வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட்டும் உறையும் செய்து கொடுப்பீர். அந்தக் கைதான் படகுக்கும் வேலை செய்தது. பிறகு கப்பலில் வேலை பார்த்த உம் மாமா பையன், இதற்கென்றே செய்த தடித்த கேபிள் ஒரு சுருள் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். அதை நீர் அங்குலம் அங்குலமாக அளந்து வெட்டினீர். வெட்டிய துண்டின் முனையை ஓர் எஃகுத் தண்டின் துளைக்குள் செருகி, வெங்காரம் தடவி, வெள்ளி வைத்துப் பற்றவைக்க வேண்டும். அந்தத் தண்டில்தான் புரொப்பல்லர் உட்காரும். பற்றவைப்பு மயிரிழை சாய்ந்தாலும் படகு முழுக்க நடுங்கும். சூடு கூடிப்போனால் கம்பி இளகி, தண்டின் வாயருகே அறுந்துவிடும்.

"மங்கின சிவப்பு வரும் பாரும், அதோட நிறுத்தணும். செம்பருத்திச் சிவப்பு வந்தா கம்பி செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்பீர். நீர் டார்ச்சால் தீயை ஊதும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். கற்றுக்கொள்ள அல்ல. பார்ப்பதற்கு அவ்வளவு நன்றாக இருக்கும்.

என் வேலை கிரீஸ். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கேபிளைக் குழாயிலிருந்து உருவி, காயல் தண்ணீரைத் துடைத்து, கிரீஸ் தடவி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளுக்குள் துருப்பிடித்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேபிள் என்னோடு வீட்டுக்கு வரும். சனிக்கிழமை நான் கொண்டுவந்து தருவேன். பொருத்துகிறபோது புரொப்பல்லருக்கும் அதற்கு முன்னாலிருக்கும் தாங்கிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி போகிற இடைவெளி விடுவீர். ஓட்டத்தில் முறுக்கேறும்போது கேபிள் கொஞ்சம் குறுகும், அதற்கு இடம் வேண்டும் என்பீர். அந்தத் தீக்குச்சியைச் செருகிப் பார்க்காமல் ஒருநாளும் படகைத் தண்ணீரில் விட்டதில்லை நாம்.

இப்படி ஐந்து வருஷம் போயிற்று. கரையில் நம்மைப்போல ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். யார் படகு முந்துகிறது என்பதற்குப் பரிசு கிடையாது. தோற்றவர் எல்லோருக்கும் சாயா வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான். நீர் சாயா வாங்கித் தந்தது குறைவு.

ஒரு ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை படகின் சத்தம் மாறியிருந்தது. வழக்கமான கூர்மையான சத்தத்துக்கு அடியில் ஓர் உறுமல். வால்பக்கத் தாங்கியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. நீர், "கிரீஸ் போறலையோ என்னமோ" என்றீர். நான் நிறையத்தான் போட்டிருந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிமேல் கேபிளை உருட்டிப் பார்த்தேன். எஃகுத் தண்டு துள்ளிற்று. பற்றவைப்பு சாய்ந்திருந்தது. வெள்ளி ஒரு பக்கம் திரண்டு, மறுபக்கம் மொட்டையாக இருந்தது. உம்முடைய வேலை அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் வேறு சிலவும் எனக்கு நினைவுக்கு வந்தன. கரையில் ஸ்குரூவை மூன்று தடவை கீழே போட்டீர். சட்டையின் மேல் பட்டன் போடாமல் வர ஆரம்பித்திருந்தீர். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியை விடாமல் பிடித்திருந்தீர். நமக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை அப்போது.

அடுத்த நாள் காலை கடை திறக்கும் முன், பின்பக்கம் உட்கார்ந்து, உம் பற்றவைப்பைச் சூடுகாட்டிப் பிரித்தேன். கெட்டுப்போன முனையைக் கொஞ்சம் வெட்டினேன். வெங்காரம் தடவி, இத்தனை வருஷம் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு ஊதினேன். மங்கிய சிவப்பு வந்தது, நிறுத்தினேன். கண்ணாடிமேல் உருட்டினேன். துள்ளவில்லை. சனிக்கிழமை கொண்டுவந்து தந்தபோது உம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை படகு பழையபடி பாடிக்கொண்டு போயிற்று. உம் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். உமக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது என்பது அந்த நிம்மதியிலிருந்து எனக்குப் புரிந்தது. புரிந்தும் சும்மா இருந்தேன்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு மாதத்தில், நீர் புதுத் துண்டு பற்றவைக்கும்போதெல்லாம், இதையும் சேர்த்து ஐந்து தடவை அப்படிச் செய்தேன்.

இரண்டாவதோ மூன்றாவதோ முடிந்தபின் ஒரு நாள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டின்போது என் மனைவியிடம் சொன்னேன். அவள் பரிமாறிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

"அவியகிட்ட சொல்லீருங்க. கைதானே அவியளுக்குச் சோறு?"

"சொன்னா மனசு ஒடிஞ்சிரும் மனுசனுக்கு."

"அவிய மனசையா பாக்கிய, உங்க மனசையா?"

மோரை ஊற்று என்றேன். சொல்கிற நேரத்தில் உம் முகம் எப்படி மாறும் என்பதை எதிரில் உட்கார்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்கு நான் அன்பு என்று பேர் வைத்திருந்தேன்.

இனி எழுதப்போவதுதான் எழுதக் கஷ்டமானது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், உம் முன்னறை. உம் மனைவி, நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன், காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நின்றார்.

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்கோ. சட்டை மாட்டிக்க அரை மணி நேரம் ஆறது இவருக்கு. கை மரத்துப் போறதுங்கறார். நேத்திக்கு ஜலம் குடிச்சிண்டிருக்கச்சே டம்ளர் கையைவிட்டுப் போயிடுத்து. டாக்டர்கிட்டே போலாம்னா காதுலயே வாங்கிக்கலை."

நீர் எரிச்சலோடு எழுந்தீர். பெட்டியைத் திறந்து, நான் அப்போதுதான் கொண்டுவந்திருந்த கேபிளை எடுத்தீர். உம் வேலை மேசையின் கண்ணாடிமேல் வைத்து உருட்டினீர். அது சத்தமில்லாமல், ஒரு துள்ளலும் இல்லாமல் உருண்டுபோய் நின்றது.

"இதைப் பாரு. போன வாரம் நான் வச்ச ஜாயின்ட். கை போன மனுஷனுக்கு இப்படி வருமா? டம்ளர் வழுக்கினா வழுக்கிட்டுப் போறது. ஓய், நீர் சொல்லும். இது நன்னாயிருக்கா இல்லையா?"

மாமி என்னைப் பார்த்தார். நீரும் என்னைப் பார்த்தீர்.

"நல்லாத்தான்வே இருக்கு" என்றேன்.

மாமி காலி டபராவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அந்த ஜாயின்ட் நன்றாகத்தான் இருந்தது. என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப்பெரிய பொய்யும் அதுதான்.

நீர் கண்டுபிடித்தது நீளத்தை வைத்து. ஒவ்வொரு தடவையும் கெட்ட முனையை நான் வெட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா? சுருள் உம் வீட்டில் இருந்தது. புதுத் துண்டு வெட்ட எனக்கு வழியில்லை. நீர் பதினோரு அங்குலம் வெட்டியது என்னிடமிருந்து பத்தே முக்காலாகத் திரும்பி வந்திருக்கிறது. உமக்கு எப்போது சந்தேகம் வந்தது என்று நான் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேபிளை என்னிடம் தராமல் நீரே வைத்துக்கொண்டீர்; அடுத்த செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் கடைக்கு வந்தீர். ஒரு ஆட்டோக்காரருக்கு பிரேக் ஷூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் போகும்வரை நின்றீர். பிறகு கேபிளையும் உம் எஃகு அளவுகோலையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்.

"இது என்னோடதில்லை ஓய்."

நான் கல்லாப் பெட்டியை மூடினேன்.

"எத்தனை?"

"அஞ்சு."

"எப்போலேர்ந்து?"

"போன ஓணம் கழிஞ்சு."

கிரீஸ் டின்மேல் உட்கார்ந்தீர். கைகளை மடியில் மலர்த்தி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தீர். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் சதை வற்றிக் குழி விழுந்திருந்ததை அன்றுதான் நான் பார்த்தேன். அல்லது பார்த்ததாக ஒப்புக்கொண்டேன்.

"அவ தெனம் சொன்னா. தெனம். நான் இதைக் காட்டிக் காட்டி அவ வாயை அடைச்சேன்." அவ்வளவுதான் சொன்னீர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போனீர். கடை வாசலின் ஒற்றைப் படியில் உம் இடதுகால் இடறிற்று. நான் ஓடிவந்து பிடிக்கப் போனேன். நீர் கையை உதறிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனீர். கேபிள் மேசைமேலேயே கிடந்தது.

அடுத்த வாரமே நீர் டாக்டரிடம் போனீர். கழுத்தில் எலும்பு வளர்ந்து, தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷம் குனிந்து குனிந்து பல் செதுக்கிய கழுத்து. ஆபரேஷன் செய்தால் கால் இனி மோசமாகாது, கைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் கை தப்பியிருக்குமா என்று மாமி கேட்டிருக்கிறார். தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கழுத்தில் பட்டையோடு படுத்திருந்தீர். என்னைக் கண்டதும் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்; தலையைத் திருப்ப உம்மால் முடியாது. அந்தக் கண் திரும்பியது போதுமாக இருந்தது எனக்கு. வராந்தாவுக்கு வந்தேன். மாமி பிளாஸ்க்கோடு பின்னால் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, நீர் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன்.

"மாமி, அந்த ஜாயின்ட் எல்லாம் நான் வச்சது. அவரு வச்சது சரியில்லாம இருந்தது. நான் மாத்தி மாத்தி வச்சேன்."

அவர் பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தார், மூடினார். "எங்கிட்டேயாவது சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றார். குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்விட்டார்.

எட்டு மாதம் நீர் என்னைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காயலுக்குப் போகவில்லை. கடையில் யாராவது ஸ்பீடாமீட்டர் கேபிள் கேட்டால் பையன்களை எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு தடவை உம் தெரு முனைவரை வந்து, ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். கேட்டால் நீர் கொடுத்துவிடுவீரோ என்று பயமாக இருந்தது. கொடுக்கக்கூடாத ஒன்றை என் அழுமூஞ்சியைப் பார்த்து நீர் கொடுத்துவிட்டால், அது ஆறாவது ஏமாற்று.

ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு மாமி போன் செய்தார். "அவர் உங்களை வரச் சொல்றார்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

நீர் வேலை மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தீர். மெலிந்திருந்தீர். மேசைமேல் சுருளிலிருந்து வெட்டிய ஒரு கேபிள் துண்டு, ஒரு புது எஃகுத் தண்டு, வெங்காரம், வெள்ளி, டார்ச், எல்லாம் எடுத்து வைத்திருந்தது. மாமியைக் கொண்டு எடுத்து வைத்திருப்பீர்.

"பண்ணும். நான் பாக்கணும்" என்றீர்.

வெங்காரத்தைத் தடவி ஊதினேன். மங்கிய சிவப்பில் நிறுத்தினேன். ஆறியதும் நீரே அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அணைத்து எடுத்துக் கண்ணாடிமேல் போட்டீர். உருண்டது. துள்ளவில்லை.

"நன்னாயிருக்கு. அதான் ஓய் எனக்குக் கோபம். மோசமாப் பண்ணியிருந்தீர்னா நான் அப்பவே டாக்டர்கிட்டே போயிருப்பேன்."

"தெரியும்வே."

"சிநேகிதன்னா நாலு பேர் சொல்லத் தயங்கறதைச் சொல்லணும். நீர் நாலு பேரோட சேர்ந்துண்டீர்."

"தப்புதான்."

"தப்புதான்" என்று நீரும் சொன்னீர். அதை மறுக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மாமியை அழைத்துக் காப்பி கேட்டீர். காப்பி வந்ததும், "இனிமே நான் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லணும். அது முடியும்னா ஞாயித்துக்கிழமை போலாம். முடியாதுன்னா இந்தக் காப்பியைக் குடிச்சிட்டு ஆத்துக்குப் போம்" என்றீர்.

முடியும் என்றேன். அது அவ்வளவு சுலபமில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

உம் பழைய வேலை போய்விட்டது. ஆனால் கண் இருந்தது. செயற்கைப் பல்லின் நிறம் மற்றப் பற்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல உம்மைப் போல ஊரில் ஆள் இல்லை. நகரத்திலிருந்த பல் கட்டுகிற லேப்காரர்கள் நோயாளியையே உம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, மாதிரிப் பற்களை மாமி ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பிடிக்க, "இது வேண்டாம், மஞ்சள் ஜாஸ்தி. அடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருப்பீர். நீரும் மாமியும் சேர்ந்து வேலை செய்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

காயலிலும் அப்படித்தான். நீர் சொல்வீர், நான் செய்வேன். குழாயின் வளைவைக் கண்ணாலேயே ஓட்டிப் பார்த்து எங்கே நெளிகிறது என்பீர். "தீக்குச்சி போறதா?" என்பீர். "போகுது" என்பேன். "தாராளமாப் போறதா, இடிச்சிண்டு போறதா?" என்பீர். இடித்துக்கொண்டுதான் போகிறது என்று ஒப்புக்கொண்டு மறுபடி கழற்றுவேன். படகை ஓட்டும் ரிமோட்டையும் நான்தான் பிடிப்பேன். ஒரே ஒரு நாள் நீர் அதைக் கேட்டீர். மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்கையால் அதன் இரண்டு குச்சிகளைத் தள்ளினீர். படகு ஒரு வட்டம் போட்டது, இரண்டாவது வட்டத்தில் நேராகப் போய்க் கரையோரத் தாமரைக் கொடிகளுக்குள் புகுந்து கவிழ்ந்தது. கரையில் இருந்தவர்கள் எல்லோரும், காற்று, அலை, சாரமில்லை, பரவாயில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

நீர் என் பக்கம் திரும்பினீர். "எப்படி?"

"மோசம்வே. இனி நீரு எடுக்கவேண்டாம்" என்றேன்.

ரிமோட்டை என்னிடம் நீட்டினீர். உம் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தீர். அன்றைக்கு எல்லோருக்கும் நீர்தான் சாயா வாங்கித் தந்தீர்.

இன்னும் எட்டு வருஷம் நமக்குக் கிடைத்தது. பிறகு நுரையீரல். எத்தனையோ வருஷம் பல்லை அரைத்த தூசி உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. முதலில் படியேற மூச்சு வாங்கிற்று, அப்புறம் பேசவே மூச்சு வாங்கிற்று. கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் வந்து, இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முறை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு காலை நேரம், மாமி குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தார். நீர் மூக்கிலிருந்த குழாயை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தீர்.

"ஓய். ஆத்துக்குப் போவேனா?"

அதற்குச் சற்று முன்புதான் டாக்டர் என்னை வெளியே அழைத்துப் பேசியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாமா, டாக்டரைக் கேட்கிறேன் என்று சொல்லலாமா என்றெல்லாம் ஒரு நொடி எனக்குத் தோன்றியது. அதை மறைக்கமாட்டேன்.

"போவமாட்டீரு" என்றேன். "டாக்டர் சொல்லியாச்சு. மாமிகிட்ட சொல்லவேண்டியது ஏதாச்சும் இருந்தா இன்னைக்கே சொல்லீரும்."

நீர் கண்ணை மூடினீர். உம்மைக் கொன்றுவிட்டேனோ என்று பயந்து பக்கத்தில் குனிந்தேன். மூடிய கண்ணோடேயே, "வாசல்லே யாரையும் விடாதேயும். அவ வந்தா மட்டும் விடும்" என்றீர்.

அப்படியே செய்தேன். அன்றைக்கும் மறுநாளும் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். உம் தம்பி என்மேல் கோபித்துக்கொண்டு போனார். உள்ளே மூச்சு வாங்கிக்கொண்டு நீர் பேசுகிற சத்தமும், நடுநடுவே மாமியின் குரலும் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு தடவை இருவரும் சிரித்தீர்கள். என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் விடிந்தபோது நீர் இல்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் புறப்பட்டபின் மாமி என்னை நிறுத்தினார்.

"கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு அண்ணா. அவ்வளவும் பேசாததையெல்லாம் அந்த ரெண்டு நாள்லே பேசிட்டார். நீங்க அவர்கிட்டே சொல்லலைன்னா, ஆத்துக்குப் போறோம் போறோம்னே போயிருப்பார்."

நான் கும்பிட்டேன். உம்மிடமிருந்து அந்த ஒரு வருஷத்தை எடுத்தவனும் நான்தான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

இப்போது என்னிடம் யாராவது, தான் செய்தது சரியா, தன் நிலைமை எப்படி என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சொல்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன், சொன்ன பிறகு எழுந்து ஓடிவிடாமல் இருக்கிறேன். அதனால் சில பேர் என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை. ஆனால் அந்த ஒரு வருஷத்தை நான் எங்கும் இறக்கி வைக்கவில்லை. ஒரு டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம், உம் கை தப்பியிருக்குமா என்று கேட்க வாய்வரை வந்துவிடுகிறது. அதை இறக்கி வையும் என்று நீரும் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை. ஆறுதலுக்காகக்கூடச் சொல்லவில்லை. உம்மை நான் இன்றைக்கும் நம்புவது அதனால்தான்.